முற்றத்தில் நிற்பது மாதா அல்ல

போன கிழமை நான் தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற கதையை எழுதினேன். அதைப் படித்த சில வாசகர்கள், "இப்போது பொழுது நிம்மதியாகப் போகிறதா, அம்மா?" என்று அன்பாகக் கேட்டிருக்கிறார்கள். நிம்மதியா? கேட்டதுதான் கேட்டீர்கள், முழுவதையும் கேளுங்கள்.

ஒரு நாள் காலை. வாடைக்காற்று ஓய்ந்து, மன்னார்த் தீவின் மணல் பறக்காமல் கொஞ்சம் அடங்கிக் கிடந்த காலம். கையில் தேத்தண்ணீருடன் முன்கதவைத் திறந்தேன். முற்றத்தில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

பால்மாப் பேணியின் மூடி ஒன்றில் மெழுகுதிரி. பக்கத்தில் மூன்று செவ்வரத்தம்பூ. அவற்றுக்கு முன்னால் மணலில் முழந்தாளிட்டபடி றெஜினா மச்சாள். அவர் என் கணவரின் அக்கா. பக்கத்து வளவில் இருக்கிறார். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி உண்டு, வேலியில் ஆள் நுழைகிற அளவில் ஒரு பொட்டும் உண்டு. என் வாழ்க்கையின் பாதித் துன்பம் அந்தப் பொட்டால்தான் வந்து போகிறது.

மச்சாள் கும்பிட்டுக்கொண்டிருந்தது நான் சீமெந்தால் செய்து நிறுத்திய உருவத்தை. அது என் அம்மா. பெயர் பிலோமினா. கருவாடு காயப்போட்டுப் பிழைத்தவர். சேலைத் தலைப்பால் முக்காடு போட்டு, காகம் துரத்தும் தடியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிடித்துக்கொண்டு நின்றார் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அன்று காலை தடி வேலியோரம் கிடந்தது. அம்மாவின் கையில் நீலமணிச் செபமாலை தொங்கியது.

"மச்சாள், என்ன செய்யிறியள்?"

"சத்தம் போடாதேங்கோ. நாலாம் பத்து போகுது."

செபமாலையின் ஐந்தாம் பத்தும் முடிந்த பிறகுதான் எழும்பினார். அதுவரை நான் தேத்தண்ணீர் ஆற ஆற நின்றேன்.

"இது மாதா இல்லை மச்சாள். என்ர அம்மா."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ," என்றார் மச்சாள், முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டியபடி. "உங்கட அம்மாவை ஆர் சீமெந்தில செய்வினம்?"

துடைக்கிறதோ, விரிக்கிறதோ?

எனக்கு இந்தக் கைவேலைப் பைத்தியம் பிடித்தது பஸ்ஸில்தான். சேவையின் கடைசி வருடங்களில் என்னை அடம்பனுக்கு மாற்றினார்கள். தீவிலிருந்து பாலம் கடந்து, வயலும் மாடும் பார்த்துக்கொண்டு போகவேண்டும். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம், மாடு வீதியில் படுத்திருந்தால் இன்னும் அரை மணித்தியாலம். சும்மா இருக்கப் பொறுக்காமல் கொக்கி ஊசியும் நூலும் வாங்கினேன்.

ஒரு வருடத்துக்குள் வீட்டில் பின்னல் விரிப்பு இல்லாத இடம் இல்லை. கதிரைக்கு ஒன்று, றேடியோவுக்கு ஒன்று, தண்ணீர்க் குடத்துக்கு ஒன்று. என் கணவர் அந்தோனி மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறவர். நல்ல மனிதர்தான். ஒரு நாள் கையெல்லாம் கிறீசுடன் வந்து, அலுமாரியின் மேல் கிடந்த விரிப்பை விரல்நுனியால் தூக்கி, "இஞ்சரும், இது துடைக்கிறதோ, விரிக்கிறதோ?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் துடைத்துவிட்டார்.

மச்சாள் கேட்கவுமில்லை. என் ஆகச் சிறந்த வேலை ஒன்று, எட்டு இதழ்ப் பூ வைத்தது, காணாமல் போய்விட்டது. பிறகு மச்சாள் வீட்டு அடுப்படியில் கண்டேன். அதில் தேங்காய்ப்பால் வடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வடிக்குது," என்று பாராட்டினார்.

எங்கள் கரையில் ஒரு பொருளைக் கண்டால் முதலில் கேட்பது, இது என்னத்துக்கு என்றுதான். மிதவை மிதக்க, நங்கூரம் தாழ. சும்மா பார்ப்பதற்கு ஒரு பொருள் என்று சொன்னால், ஆளை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

அலுமாரி நாறிய வரலாறு

பின்னலை விட்டுச் சிப்பிக்குத் தாவினேன். கரையில் சும்மா கிடைக்கிற பொருள், யாரும் வடிக்கவோ துடைக்கவோ முடியாது என்று கணக்குப் போட்டேன். கனடாவில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு கண்ணாடிச் சட்டம் செய்தேன். சோகியும் சின்னச் சங்கும் சிப்பியுமாகப் பசை வைத்து ஒட்டி, கடதாசியில் சுற்றி, அலுமாரிக்குள் பூட்டி வைத்தேன்.

ஐந்தாம் நாள் வீடு நாறத் தொடங்கியது. அந்தோனி கட்டிலுக்குக் கீழே செத்த எலி தேடினார். நான் கூரையில் தேடினேன். மச்சாள் பொட்டால் தலையை நீட்டி, எங்கள் மலக்குழி நிரம்பிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். கடைசியில் அலுமாரியைத் திறந்தபோது மூன்று பேரும் முற்றத்துக்கு ஓடினோம்.

"அவிக்காமலோ ஒட்டினனீர்?" என்றார் அந்தோனி. அந்தக் குரலில் கோபத்தைவிட வியப்புத்தான் இருந்தது.

சங்குக்குள் உயிர் இருக்கும், அவித்து உள்ளே கிடப்பதை எடுத்த பிறகுதான் தொடவேண்டும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். நானோ கருவாட்டுக்காரியின் மகள். அதற்குப் பிறகு ஆறு மாதம் பஸ்ஸில் ஏறினால், "அலுமாரி சுகமோ?" என்று கேட்டார்கள். என் கூறைச்சேலையில் அந்த மணம் இன்னும் இருக்கிறது.

அடுத்தது வர்ணம். கடலை வரைந்தேன். உப்புக்காற்றில் தாள் காயாமல் வளைந்தது, வர்ணம் வழிந்தது. அது போகட்டும். மச்சாள் படத்தையும் பார்த்தார், யன்னலுக்கு வெளியே கடலையும் பார்த்தார். "கடல் அங்க கிடக்குது. பிறகேன் இதுக்குள்ள?" என்றார். வர்ணப்பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

படம் இல்லாத முகம்

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உள்ளதை ஏன் செய்கிறாய் என்று கேட்டால் பதில் இல்லை. சரி, இல்லாததைச் செய்தால்?

என் அம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. நான் பிறந்தது பெருநிலத்தில், இலுப்பைக்கடவைப் பக்கக் கரை. எனக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். ஓரிரு வருடத்தில் சண்டை மூண்டு, இரவோடிரவாக இந்தியாவுக்கு வள்ளம் ஏறினோம். நடுக்கடலில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியபோது பாரம் குறைக்கச் சொன்னார்கள். தகரப் பெட்டியை நான்தான் தூக்கிப் போட்டேன். உள்ளே கலியாணப் படம், ஒரு பெருநாள் படம், அம்மாவின் அடையாள அட்டை எல்லாம் இருந்தன என்பது அடுத்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

முகாமில் அந்தோனியைக் கலியாணம் செய்தேன். திரும்பி வந்தபோது அவருடைய தீவுக்கு வந்தேன். இங்கே ஒருவருக்கும் என் அம்மாவைத் தெரியாது. அறுபதை நெருங்க நெருங்க எனக்கே பயம் வந்துவிட்டது. அம்மாவின் குரல் நினைவிருந்தது, கருவாட்டு மணம் நினைவிருந்தது. முகத்தைக் கண்முன் கொண்டுவரப் பார்த்தால், பாதியில் கலைந்தது. அதுவும் போய்விட்டால் எனக்கு அம்மா இருந்ததற்கு என்ன சாட்சி?

ஆகவே, மகாசனங்களே, நான் செய்யத் தொடங்கியது சிலை அல்ல. மறந்து போகுமுன் ஒரு முகத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தேன்.

முதல் முகத்தைக் கழுதை தின்றது

முதலில் கடதாசிக் கூழில் செய்தேன். பழைய பத்திரிகையை ஊறவைத்து, கோதுமை மாப் பசை காய்ச்சிக் குழைத்து, ஒரு மாதம் மினக்கெட்டேன். மூக்கு சரியாக வந்தது. நெற்றியும் வந்தது. வெயிலில் காயட்டும் என்று மதிலில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மன்னாரில் கழுதைகள் யாரையும் கேட்டு நடப்பதில்லை. திரும்பி வந்தபோது ஒரு கழுதை, கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவின் நாடியை மென்றுகொண்டிருந்தது. மாப்பசை இனித்திருக்க வேண்டும். நான் விளக்குமாற்றுடன் ஓடிய பிறகும் அவசரப்படவில்லை.

இரண்டாம் முகம் களிமண். அடம்பன் பக்கத்துக் குளத்து மண் நல்லது என்று கேட்டு, உரப்பையில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நடத்துனர், "என்னக்கா, நெல்லோ?" என்றார். மண் என்றதும் தள்ளி நின்றார். அந்த முகம் காய்ந்தபோது நெற்றியிலிருந்து வாய்மட்டும் வெடித்தது. அம்மா இரண்டாகப் பிரிந்து கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கிணற்றடியில் கரைத்துவிட்டேன்.

மூன்றாவது சீமெந்து. அதற்குள் ஓய்வும் பெற்றுவிட்டேன். கட்டுக்கம்பியால் எலும்பு வளைத்து, பழைய வலையைச் சுற்றி, அதன்மேல் சாந்து பூசினேன். கடல்மணலில் குழைத்த முதல் தோள் உப்புப் பூத்து உதிர்ந்தது. மேசனைக் கேட்டு ஆற்றுமணல் எடுப்பித்து மறுபடி தொடங்கினேன். உடம்பு இரண்டு மாதத்தில் முடிந்தது. முகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் போனது. பூசுவேன், பார்ப்பேன், ஈரம் காயுமுன் வழித்தெடுப்பேன். இரவில் கண்ணை மூடினால் தெரிகிற முகம், காலையில் கரண்டியை எடுத்தால் ஓடிவிடும். ஒரு நாள் கீழுதட்டை உள்ளே இழுத்து, பேசப் போவதற்கு முன் நிற்கிற மாதிரி வைத்தேன். என் கை தானாக நின்றது. அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

இவதான் என்று எனக்குப் பட்டது. ஆனால் எனக்குப் பட்டால் போதுமா? நானே மறந்துகொண்டிருக்கிறவள். வேறு ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும்.

அண்ணனுக்கு வீடியோவில் காட்டினேன்.

"ஏன் முறைக்கிறா?" என்றார். "அம்மா எப்பவும் சிரிச்ச முகமெல்லோ."

அண்ணன் சிறு வயதிலேயே விடுதியில் படிக்கப் போனவர். விடுமுறைக்கு வருகிற மகனைப் பார்த்து எந்தத் தாய் முறைப்பாள்? முறைப்பு முழுவதும் வீட்டிலிருந்த எனக்குத்தான் கிடைத்தது. அதைச் சொன்னால் அவருக்கு மனம் நோகும் என்று விட்டுவிட்டேன். பிறந்த ஊருக்கும் போய்த் தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். அம்மாவின் வயதுக்காரர் எல்லோரும் செத்தோ சிதறியோ போயிருந்தார்கள். இருக்கிற ஒன்றிரண்டு பேர், "இருக்கலாம்," என்றார்கள். இருக்கலாம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எந்த மாதா?

இந்த நிலைமையில்தான் மச்சாள் மெழுகுதிரி கொளுத்தினார்.

அன்று மாலையே செபமாலையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, தடியை அம்மாவின் கைக்குள் செருகினேன். காலையில் பார்த்தால் தடி வேலியோரம், செபமாலை கையில். மறுபடி மாற்றினேன். மறுபடி மாறியது. ஒரு கிழமை இந்தக் கூத்து நடந்தது.

"மாதான்ர கையில தடியோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றார் மச்சாள்.

ஆக்களும் வரத்தொடங்கிவிட்டார்கள். மச்சாளின் பேத்திக்கு மூன்று நாளாக நின்ற காய்ச்சல், மெழுகுதிரி கொளுத்திய அன்று விட்டதாம். மருந்து கொடுத்த டொக்டரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தலைமன்னார்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் ஓட்டோ பிடித்து வந்து, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என் அம்மாவிடம் வெளிநாட்டு விசா கேட்டுவிட்டுப் போனது. உயிரோடு இருக்கும்போது அம்மா மன்னார் பட்டினத்தைத் தாண்டிப் போனதில்லை.

பிறகு இது எந்த மாதா என்று தர்க்கம் தொடங்கியது. முக்காட்டைப் பார்த்து லூர்து மாதா என்றார்கள் சிலர். கையைப் பார்த்துச் செபமாலை மாதா என்றார்கள் வேறு சிலர்.

"அப்ப ஏன் கோவமா நிக்கிறா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்கட பாவத்தைப் பாத்துத்தான்," என்றார் மச்சாள். "இவ வியாகுல மாதா."

எனக்கு உச்சி கொதித்தது. ஒரு வருடம் இழைத்து இழைத்து நான் வைத்த கீழுதடு அது. கருவாட்டைக் காகம் தூக்கினால், பாடசாலைக்கு நான் பிந்தினால், அப்பா குடித்துவிட்டு வந்தால் அம்மா அப்படி நிற்பார். உலகத்தின் பாவத்தைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரம் இருந்ததில்லை.

ஒரு யோசனை வந்தது. பலகை ஒன்றை வெட்டி, வெள்ளை பூசி, கறுப்பு எழுத்தில் 'பிலோமினா' என்று எழுதிக் காலடியில் நட்டேன். இனியாவது விளங்கும் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

விடியற்காலை முற்றத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். பலகைக்கு மாலை போட்டிருந்தார்கள். "ஆ, புனித பிலோமினம்மாளோ! அதுதானே பாத்தன், மாதா இவ்வளவு இளமையா இருக்கமாட்டா," என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. வீட்டுக்குள் போய்த் தலையணையை வாயில் வைத்துக் கத்தினேன்.

கடைசியில் பங்குச் சாமியாரிடம் முறையிட்டேன். அவர் சைக்கிளில் வந்து இறங்கி, சுற்றிப் பார்த்து, "இது ஆர்?" என்று கேட்டார். கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"என்ர அம்மா, ஃபாதர்."

"நல்லாச் செய்திருக்கிறியள்," என்று சொல்லிவிட்டு, கூடியிருந்தவர்களுக்கு இது கோயிற் சொரூபம் அல்ல என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் போன கையோடு மச்சாள் திரும்பி, "சாமியாரே வந்து பாத்திட்டார்," என்று எல்லோருக்கும் சொன்னார்.

"உடைச்சு விடுவமோ?" என்று அந்தோனி ஒரு நாள் கேட்டார். நான் படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல்தான் கேட்டார். நான் அன்று முழுக்க அவருடன் பேசவில்லை. எனக்கு உடைக்கவும் மனமில்லை, யாரோ ஒருத்தியாக அம்மா அங்கே நிற்பதைப் பார்க்கவும் மனமில்லை. எத்தனையோ பேர் அந்த முகத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். ஒருவர்கூட அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

மெழுகு முழங்கால்

சோளகக் காற்று தொடங்கியிருந்த ஒரு முற்பகல். படலையைத் திறந்துகொண்டு ஒரு முதிய பெண் வந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். ஒரு கையில் ஊன்றுகோல், மற்றக் கையில் சீத்தைத் துணிப் பை. இலுப்பைக்கடவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாராம். நேர்த்திக்கு மெழுகில் செய்த சிறிய முழங்கால் ஒன்றும் கொண்டு வந்திருந்தார். நோவுகிற உறுப்பை மெழுகில் வைத்து வேண்டுவது எங்கள் வழக்கம்.

இலுப்பைக்கடவை என்று கேட்டும் நான் ஒன்றும் விசாரிக்கவில்லை; அவ்வளவுக்குச் சலித்துப்போயிருந்தேன். "அங்க நிக்குது, போய்க் கும்பிடுங்கோ," என்று கையைக் காட்டிவிட்டு, வாசலில் இருந்து வெங்காயம் உரித்தேன்.

அவர் மெதுவாக மணலில் இறங்கினார். மெழுகுதிரியைக் கொளுத்தினார். நெற்றியில் சிலுவை போட்டு, முகத்தை நிமிர்த்தினார். போட்ட கை நெஞ்சில் அப்படியே நின்றது.

"ஆரடி இது?" என்றார்.

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அலுத்துவிட்டது.

"எடியே, இது பிலோமினாவெல்லோ!"

"ஓம், பலகையில எழுதிக் கிடக்குத்தானே."

"எனக்கு எழுத்துத் தெரியாது பிள்ளை," என்றார். ஊன்றுகோலைப் பிடித்து எழும்ப முயன்றுகொண்டே தொடர்ந்தார். "இது கருவாட்டுப் பிலோமினா. சொண்டை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நிக்கிறாள் பார். இனி வாயைத் திறந்தாளெண்டால் ஏழு தலைமுறையும் நாறும். இவளிட்டையோ நான் வந்து மண்டாடுறது?"

குனிந்து மெழுகுதிரியை ஊதி அணைத்தார். மெழுகு முழங்காலைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

வெங்காயமும் கத்தியும் எங்கே விழுந்தன என்று எனக்குத் தெரியாது. ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன். "நீங்கள் ஆர்?"

"திரேசம்மா. நீ இவளின்ர மோளோ? அதே நெத்தி."

எனக்கு நினைவு வந்தது. திரேசம்மா வீட்டுப் பக்கம் போகக்கூடாது, அவருடைய பிள்ளைகளுடன் விளையாடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கரையில் கருவாடு காயப்போடும் இடத்தில், ஈரம் ஏறாத ஒரு மேட்டுத்துண்டு இருந்தது. அது யாருடையது என்று இரண்டு பேருக்கும் வருடக்கணக்காகச் சண்டை. அவர் இந்தியாவில் செத்துப்போனார் என்று நான் ஊருக்குப் போனபோது யாரோ சொல்லியிருந்தார்கள்; திரும்பி வந்து சில மாதம்தானாம். இல்லையென்றால் நான் முதலில் தேடிப் போயிருக்க வேண்டிய ஆள் அவர்தான். ஒருவருடைய முகத்தைப் பகையாளியைப்போல யார் அவ்வளவு உற்றுப் பார்த்திருப்பார்கள்?

"இவதான் எண்டு வடிவாத் தெரியுதோ, ஆச்சி?" என்று கேட்டேன். "பிழை ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ. மறைக்காமச் சொல்லுங்கோ."

அவர் ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, அம்மாவின் முகத்துக்குக் கிட்டப் போனார். மூக்கைத் தடவினார். நாடியைத் தடவினார். முக்காட்டுக்கு வெளியே தெரிந்த இடது காதில் விரல் நின்றது.

"இது முழுசாக் கிடக்கு," என்றார்.

"என்ன?"

"காது. கம்மல் ஓட்டையில இருந்து கீழ மட்டும் கிழிஞ்ச காதெல்லோ இவளுக்கு. நான்தான் பிச்சனான். கம்மலோட சேத்து இழுத்தனான். அந்த மேட்டிலதான்."

கிழிந்த காது. இரண்டு நுனியாகப் பிரிந்து, நூலில் கட்டிய தோடு தொங்கிய காது. எத்தனை தரம் அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்திருப்பேன். அந்தக் காதுக்குள் வாயை வைத்து எத்தனை இரகசியம் சொல்லியிருப்பேன். எப்படி மறந்தேன்? ஒரு வருடமாக ஒவ்வொரு மயிரிழையாகப் பார்த்துப் பார்த்து வைத்தவள், யாரோ ஒருத்தியின் காதை அம்மாவுக்கு ஒட்டியிருக்கிறேன். மற்றவர்களுக்கு இது என் அம்மா என்று தெரியவில்லை என்று ஊரோடு மல்லுக்கட்டிக்கொண்டு திரிந்தவளும் நான்தான். என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

"இஞ்சருங்கோ!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். "உளியையும் சுத்தியலையும் கொண்டு வாங்கோ!"

அந்தோனி ஏன் என்று கேட்காமல் கொண்டுவந்தார். நான் உளியைக் காதில் வைத்தபோது வேலிப் பொட்டால் மச்சாள் வந்தார்.

"ஐயோ, மாதான்ர காதையெல்லோ உடைக்கிறாள்! அந்தோனி, பிடியடா அவளை!"

அந்தோனி என்னைப் பிடிக்கவில்லை. அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"அதில இல்லைப் பிள்ளை," என்றார் திரேசம்மா. என் மணிக்கட்டைப் பிடித்து உளியை நகர்த்தினார். அவருடைய விரல்கள் காய்ந்து, உறுதியாக இருந்தன. "இன்னும் கொஞ்சம் முன்னுக்கு. ஓம், அதிலதான். மெல்ல."

இரண்டு தரம் தட்டினேன். மூன்றாம் தரம் ஒரு சின்னத் துண்டு உடைந்து மணலில் விழுந்தது.

"காணும், போதும்," என்றார்.

திரேசம்மா அந்தப் பிளவில் பெருவிரலை வைத்துச் சீமெந்துத் தூளைத் துடைத்தார். பிறகும் கையை எடுக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"எண்டாலும் பிலோமினா," என்றார், "அந்த இடம் என்ரதுதான்."